சூரை மீன் கூட்டம் கண்ணெதிரே கொதிக்கிறது, தூண்டிலை மட்டும் தொடவே இல்லை

முயல்தீவு:
போன ஞாயிறு தூத்துக்குடியிலிருந்து தெரிந்தவர் வள்ளத்தில் நாலு பேர் போனோம். கரையிலிருந்து ஏழெட்டு கிலோமீட்டர்தான் இருக்கும், ஆலாப் பறவைக் கூட்டம் விழுந்து விழுந்து எழுந்தது, அதற்கடியில் கடல் உலை மாதிரி கொதித்தது, எல்லாம் சூரை. வள்ளத்தை நேரே அதற்குள் விட்டோம். கிட்டப் போனதும் அடங்கிவிட்டு இருநூறு மீட்டர் தள்ளி எழும்பியது. மூன்று மணி நேரம் இதே கதை, டீசல் தீர்ந்ததுதான் மிச்சம். 15 செ.மீ. பாப்பர் (நீர்மேல் தெறிக்கும் போலி இரை) போட்டேன், 40 கிராம் ஜிக்கும் (மீன் மாதிரி உலோக இரை) போட்டேன், இரைக்கு முன்னால் நரம்பு முனையில் ஸ்டீல் கம்பி. ஒன்றுகூடத் தொடவில்லை. பக்கத்து வள்ளத்து அண்ணாச்சி கைக்கயிற்றிலேயே மூன்று தூக்கிவிட்டு எங்களைப் பார்த்துச் சிரிக்கிறார். எங்கே தப்பு?

வாடைக்காற்று:
ஒன்றா இரண்டா தம்பி. கூட்டத்துக்குள் வள்ளத்தை விட்டாலே அன்றைய கதை முடிந்தது. முதலில் ஐந்து நிமிடம் சும்மா இருந்து அது எந்தப் பக்கம் நகர்கிறது என்று பாருங்கள். நான் பார்த்தவரை சூரை ஒரே திசையில்தான் மேய்ந்துகொண்டு போகும். தூரமாகச் சுற்றி, காற்று வரும் பக்கம் அதற்கு முன்னால் போய் இன்ஜினை அணைத்துவிடுங்கள், வள்ளத்தைக் காற்றே தள்ளட்டும். எறி தூரத்துக்கு வந்ததும் ஓரத்தில் எறியுங்கள், நடுவில் வேண்டாம்.

அப்புறம் அளவு. அது தின்பது நெத்திலி, நீங்கள் காட்டியது முக்கால் சாண் பாப்பர்! விரல் நீள வெள்ளி ஜிக், 20 கிராம் போதும். கை வலிக்கச் சுற்றுங்கள், சூரையை விட வேகமாக யாராலும் ரீல் சுற்ற முடியாது.

ஒருபாகம்:
கம்பியைக் கழற்றுங்கள். சூரைக்குக் கண் கூர்மை, பல் சின்னது, தூண்டில் நரம்பை அறுக்காது. தண்ணீரில் எளிதில் தெரியாத 25 பவுண்டு ஃப்ளூரோகார்பன் நரம்பு ஒரு பாகம், அதாவது இரு கையும் விரித்த நீளம், கட்டினால் சரி. ஆனால் அதே கூட்டத்துக்கு அடியில் சீலா நிற்கும், அதுதான் சென்னைக்காரர்களின் வஞ்சிரம், அதன் பல் கத்தி மாதிரி, அது வந்தால் நரம்பு அறுந்து ஜிக் போச்சு. ஒரே காலையில் நாலு ஜிக் பறிகொடுத்திருக்கிறேன், இருந்தும் கம்பி கட்ட மாட்டேன். ரீலில் நரம்பைப் பிடித்து நிறுத்தும் டிராக்கையும் இறுக்காதீர்கள், முதல் ஓட்டத்துக்கு விட்டுக்கொடுங்கள்.

முயல்தீவு:
நன்றி அண்ணாச்சி. சூரையா எலிச்சூரையா என்று எப்படிப் பார்ப்பது? வீட்டில் வேறு இரத்த வாடை என்று யாரும் தொடுவதில்லை.

கருவாட்டுக்கடை:
நெஞ்சுத் துடுப்புக்குக் கீழே கரும்புள்ளி இருந்தால் சூரை. எலிச்சூரைக்குப் புள்ளி கிடையாது, முதுகுத் துடுப்பு இரண்டும் தள்ளித் தள்ளி இருக்கும். வயிற்றில் நீளக் கோடு ஓடினால் வரிச்சூரை.

வாடைக்கு மீனைக் குறை சொல்லாதீர்கள். ஏறியதும் செவுளை அறுத்து, கடல்நீர் வாளியில் இரத்தம் வடித்து, உடனே ஐஸில் புதையுங்கள். இதன் உடம்பே சுற்றியுள்ள தண்ணீரை விடச் சூடு, வெயிலில் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற ஒவ்வாமை தரும் பொருள் ஏறும், எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. என் மச்சான் ஒருமுறை அப்படிக் கிடந்ததைத் தின்று முகம் சிவந்து ராத்திரி முழுக்கச் சொறிந்துகொண்டிருந்தான்.

திருப்பி விடுவதென்றால் தாமதிக்காமல் தலை கீழே பார்க்கத் தண்ணீருக்குள் பாய்ச்சி எறியுங்கள். காற்றுப்பை இல்லாத மீன், ஓடினால்தான் அதற்கு மூச்சு.

முயல்தீவு:
காற்று அடங்கினால் சனிக்கிழமை போகிறோம். இங்கே நான் கேட்ட கடையில் 40 கிராமுக்குக் கீழே ஜிக் இல்லை என்கிறார்கள், யாரிடமாவது இரண்டு இருந்தால் சொல்லுங்கள், காசு கொடுத்துவிடுகிறேன்.