எட்டடி சங்குச் சிற்பம்: கல்லா, பெரோசிமென்டா?

வைகைக்கரை:
திருமங்கலம் பக்கம் ஒரு மறுவாழ்வு மருத்துவமனை முற்றத்தில், படுத்த சங்கு வடிவில் எட்டடிச் சிற்பம் கேட்கிறாங்க. பக்கவாதத்திலிருந்து தேறுகிறவர்கள் புரிகளைத் தடவிக் கைப்பயிற்சி எடுக்கணும். மேற்பரப்பு சுமார் 150 சதுர அடி, கரிசல் மண். ராமேஸ்வரத்துச் சிப்பி வாங்கிப் பதிக்கலாமா என்றும் கேட்கிறாங்க.

சுதைவேலை:
பெரோசிமென்ட்தான், அதாவது கம்பிவலைக்கூட்டில் சிமென்ட் சாந்தை அழுத்திச் செய்வது. முழுக் கல் என்றால் ஐந்து டன்னைத் தாண்டும், சித்திரை வெயிலில் கை வைக்கவும் முடியாது.

6 எம்எம் கம்பியில் கூடு கட்டி, அரை அங்குலக் கண் கோழிவலையை வெளியே இரண்டு சுற்று, உள்ளே ஒரு சுற்று இழுத்து, அரையடிக்கு ஒரு கட்டுக்கம்பி முறுக்குங்க. வலை தொய்ந்தால் சாந்து பின்னால் தள்ளிப் பொந்து விழும். உள்ளே ஒருத்தர் பலகை கொடுத்துப் பிடிக்க, வெளியிலிருந்து கையால் அழுத்தணும். கரண்டிப் பூச்சு வலைக்குள் இறங்காது. காய்ந்ததும் தட்டிப் பார்த்து, 'தொப்' என்ற இடத்தை உடைத்துத் திரும்பப் போடுங்க.

சாந்து 1:2, ஒரு பங்கு சிமென்டுக்கு இரண்டு பங்கு மணல். மூட்டைக்கு 20 லிட்டர் தண்ணீர், அதற்கு மேல் கொத்தனார் எவ்வளவு கேட்டாலும் கிடையாது. எம் சாண்டை (கல்லை உடைத்துச் செய்த மணல்) 2.36 எம்எம் சல்லடையில் சலிக்கணும். பி சாண்ட் (பூச்சுக்கான நைஸ் மணல்) மாவு மாதிரி, தண்ணீரைக் குடித்துவிட்டு மயிர்வெடிப்பு காட்டும். ஓர் அங்குல கனத்துக்குச் சேதாரம் சேர்த்து 7 மூட்டை சிமென்ட். மொத்த எடை ஒரு டன் வரும். வெயிலேறும் முன் பூசி, 14 நாள் ஈரச்சாக்கு காயாமல் பார்த்துக்கங்க.

மன்னார்க்காற்று:
சிப்பி வேண்டாம் அண்ணே. அதிலுள்ள உப்பு வலையைத் துருப்பிடிக்க வைக்கும், துரு உப்பிச் சாந்தைப் பிளக்கும். பவளத் துண்டு எடுத்தால் வனவிலங்குச் சட்டத்தில் மாட்டுவீங்க. அதைவிடப் பெரிய விஷயம், பக்கவாதத்தில் உணர்வு மங்கின கைக்குக் கீறலும் சூடும் தெரியாது. அதனால் விளிம்பெல்லாம் விரல் கனத்துக்கு உருண்டிருக்கணும். சூடேறாமல் இருக்க நிறம் வெளிர் மணல், மேலே நிழல். நீலம் கேட்பாங்க, மறுத்துடுங்க.

பலவீனமான கை சிலருக்கு இடது, சிலருக்கு வலது. இரு பக்கமும் புரிகள் எட்டணும். சுற்றிலும் ஐந்தடி வழி விட்டால் சக்கர நாற்காலி திரும்பும். கடலில் கிடைப்பது பெரும்பாலும் இடம்புரிதான், ஆனால் கேட்பது வலம்புரியாக இருக்கும். முதலிலேயே எழுதி வாங்கிக்கங்க. போட்டோவைத் திருப்பிப் பிரின்ட் போட்டாலே புரி மாறிப்போகும்.

வைகைக்கரை:
சரிங்க. அஸ்திவாரம்? வாய்க்குள் காது வைத்தால் கடலோசை வருமா?

சுதைவேலை:
வெளிச்சத்தம்தான் உள்ளே எதிரொலிக்கும். திருமங்கலத்தில் பஸ் ஹாரன் கேட்கும்!

கரிசல் கோடையில் பிளக்கும், ஐப்பசியில் உப்பும். எடை குறைந்த சிற்பத்தைத்தான் சுலபமாகத் தூக்கிவிடும். கரிசலை நான்கடியாவது எடுத்துட்டுக் கிராவலை (சரளை மண்) தட்டித் தட்டி நிரப்பி, மேலே ஆறு அங்குலக் கம்பி கட்டின கான்கிரீட் பலகை. சங்கின் அடிவயிற்றில் ஓரங்குல வடிகால் துளை இரண்டு விடுங்க, இல்லையென்றால் மருத்துவமனைக்குள்ளேயே டெங்குக் கொசு வளர்ப்பீங்க. 28 நாளுக்கு முன் பெயின்ட் அடித்தால் சிமென்டின் காரம் உரித்துவிடும். எபாக்சி பெயின்ட் வெயிலில் மஞ்சளாகும், வெளிப்புற அக்ரிலிக் போதும்.