கிராண்ட்பாஸ் துறையில் காசு பார்த்தது யார்?

மட்டக்குளி வாசுகி:
மெல்பேர்னில் இருக்கும் என் தம்பி போன மாதம் எச்சூக்கா என்ற ஆற்றங்கரை ஊருக்குப் போய்வந்தான். 1850களில் ஹென்றி ஹொப்வுட் என்பவர் மரே ஆற்றில் ஒரு மிதவைத் தோணி விட்டு, பக்கத்திலேயே விடுதியும் கட்டி ஊரை உண்டாக்கினாராம். கைதியாக நாடு கடத்தப்பட்டு வந்த மனுசன்! ஆரம்பத்தில் ஊருக்கே 'ஹொப்வுட் துறை' என்றுதான் பெயராம். கொழும்புப் பக்கம் ஓடும் நம்முடைய களனி கங்கையிலும் அப்படி ஒரு படகு முதலாளி இருந்தாரா?

வத்தளை ரமேஷ்:
ஆளைத் தெரியாது அக்கா. ஆனால் கொழும்பில் அந்த ஆற்றங்கரை ஊர்களின் பெயரிலேயே துறை இருக்கிறது. தொட்டலங்க என்றால் சிங்களத்தில் 'துறைக்குப் பக்கம்'. கிராண்ட்பாஸ் என்றாலும் பெரிய துறைதான்.

கொட்டாஞ்சேனைக் கணக்கர்:
தங்கச்சி, ஒற்றை ஆளைத் தேடினால் கிடைக்கமாட்டார். இங்கே தோணி வலித்தவனுக்குப் பெயர் நிற்கவில்லை. காசு பார்த்தவன் கரையில் பெட்டியோடு உட்கார்ந்திருந்தான்.

1822இல் வெள்ளைக்காரன் அந்தக் கிராண்ட்பாஸ் துறையில் படகுப் பாலம் போட்டான். படகுகளை வரிசையாக நங்கூரமிட்டு, மேலே பலகை அடித்த பாலம். ஆற்றில் வரும் தோணிகளுக்கு வழிவிட நடுவில் சில படகுகளை விலக்குவார்கள். அதுவரை கண்டி வண்டிகள் கரையில் நிற்கவேண்டியதுதான். கோப்பிக் காலத்தில் மலையிலிருந்து மூட்டை ஏற்றிவரும் மாட்டு வண்டிகளுக்கு அதுதான் வாசல். வண்டிக்கு இவ்வளவு, மாட்டுக்கு இவ்வளவு என்று ஆயம், அதாவது பாலம் கடக்கும் வரி. அரசாங்கம் அதைத் தானே வசூலிக்காமல் குத்தகைக்கு ஏலம் விட்டது. ஏலத் தொகையைக் கட்டிவிட்டால் மிச்சமெல்லாம் குத்தகைக்காரனுக்கு. மொறட்டுவை, பாணந்துறைப் பக்கத்துக் குடும்பங்கள் சில சாராயக் குத்தகையோடு இதையும் எடுத்து, பிறகு தோட்டமும் கொழும்பில் வளவுமாக வாங்கிப் போட்டன. உங்கள் ஹொப்வுட்டுக்குச் சொந்தமாகத் தோணி இருந்தது, இவர்களுக்கு அதுகூடத் தேவைப்படவில்லை!

நான் புறக்கோட்டையில் முப்பது வருசம் கொப்பராக் கடைக் கணக்கு எழுதியவன். பாலத்தடியில் எத்தனை வண்டி போனது என்று எண்ணுகிறவன் கையில்தான் முழு வியாபாரமும் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றும். கணக்கப்பிள்ளைப் புத்தி, மன்னிக்கவும்.

வத்தளை ரமேஷ்:
ஐயா, கால்வாயை விட்டுவிட்டீர்களே. எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஹமில்டன் கால்வாய் 1802இல் தொடங்கி 1804இல் முடிந்தது. நீர்கொழும்பு, அப்புறம் புத்தளம் வரைக்கும் நீர்வழி. ஓலைக்கூரை போட்ட தட்டைப் படகில் உப்பும் கொப்பராவும் வந்தன. அந்தப் படகைப் பாருவ என்பார்கள்.

கொட்டாஞ்சேனைக் கணக்கர்:
சரிதான் தம்பி, ஒப்புக்கொள்கிறேன். சென் செபஸ்தியான் கால்வாய் வழியாக கொழும்பு நகருக்குள் இருக்கும் பேரை வாவிக்கே சாமான் போனது. ஆனால் 1867இல் கண்டிக்கு ரயில் போனதும் வண்டிக் கூட்டம் குறைந்தது. 1895இல் விக்டோரியா இரும்புப் பாலம் வந்ததும் படகுப் பாலத்தின் கதை முடிந்தது.

மட்டக்குளி வாசுகி:
அந்தப் படகுப் பாலம் இருந்த இடத்தை இப்போது பார்க்கலாமா, ஐயா?

கொட்டாஞ்சேனைக் கணக்கர்:
நீங்கள் கேட்காத பெயரா? மழைக்காலத்தில் வானொலியில் களனி கங்கை நீர்மட்டம் சொல்லும்போது 'நாகலகம் வீதி, இத்தனை அடி' என்பார்களே, அந்தக் கரைதான்.