0621 ரேடியோ வேலையிலிருந்து தூதரகக் காவலுக்கு: எப்போது போவது, எதற்குத் தயாராவது?

நெட்கால்_24 கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். அமெரிக்க மரைன் கோரில் ரேடியோ ஆபரேட்டராக (வேலைப் பிரிவு எண் 0621) ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. பூட் கேம்ப் என்ற அடிப்படைப் பயிற்சி முடித்து ட்வென்டிநைன் பாம்ஸ் ரேடியோ பள்ளிக்குப் போக வேண்டும். அதன்பிறகு தூதரகக் காவல், அதாவது எம்எஸ்ஜி வேலைக்கு எழுதிக்கொடுக்க ஆசை. ரேடியோ படித்ததால் தூதரகத்தில் தகவல்தொடர்புப் பிரிவில் போடுவார்களா? பள்ளியிலிருந்து நேராகப் போவது நல்லதா, இல்லை ஒரு யூனிட்டில் வேலை பார்த்துவிட்டுப் போவதா? அங்கே உண்மையில் நாள் முழுக்க என்ன வேலை?

---

மணல்மேடு:

முதல் கேள்விக்குப் பதில்: போட மாட்டார்கள். தூதரகத்தின் ரேடியோ, சர்வர், ரகசியத் தந்தி எல்லாம் வெளியுறவுத் துறையின் தகவல் மேலாண்மைப் பிரிவு ஆட்கள் கையில் இருக்கும். சமையல்காரனாக இருந்தாலும் பீரங்கிப்படைக்காரனாக இருந்தாலும் ரேடியோக்காரனாக இருந்தாலும், எம்எஸ்ஜி மரைனுக்கு அங்கே ஒரே வேலைதான், காவல். அந்த மூன்று வருடமும் 8156 என்ற கூடுதல் எண்ணில் ஓடும். 0621 கையில் இருக்கும், ஆனால் உறங்கும்.

வரிசை இப்படி: பேரிஸ் ஐலண்ட் அல்லது சான் டியேகோவில் 13 வாரம் பூட் கேம்ப். காலாட்படை அல்லாதவர்களுக்கு அடுத்து 29 நாள் மரைன் காம்பேட் டிரெயினிங். பிறகு ட்வென்டிநைன் பாம்ஸ். அங்கிருந்தோ யூனிட்டிலிருந்தோ எழுதிக்கொடுத்துத் தேர்வானால் வர்ஜீனியாவில் குவான்டிகோ. எம்பசி செக்யூரிட்டி குரூப்பின் தலைமையகமும் பள்ளியும் அங்கேதான்.

வாட்ச்ஸ்டாண்டர், அதாவது காவலில் நிற்கிற மரைன், மூன்று தூதரகங்களில் ஒவ்வொன்றிலும் 12 மாதம் இருப்பார். விருப்பப் பட்டியல் கேட்பார்கள், ஆனால் மூன்றில் ஒன்றாவது சிரமமான இடமாக இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி முடிக்கும்போது ஒப்பந்தத்தில் 36 மாதம் மிச்சம் இருக்க வேண்டும், இல்லையென்றால் நீட்டிக்கக் கையெழுத்துப் போட வேண்டும். வாட்ச்ஸ்டாண்டருக்குக் கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது, அந்த மூன்று வருடத்துக்குள் ஆகவும் கூடாது. பிள்ளைகள் போன்ற பொறுப்புகளும் இருக்கக் கூடாது. குடும்பத்தோடு போகலாம் என்பது ஸ்டாஃப் சார்ஜண்ட் அல்லது அதற்கு மேற்பட்ட பதவியில் இருக்கும் டிடாச்மென்ட் கமாண்டருக்கு, அதாவது தூதரக மரைன் குழுவின் தலைவருக்கு, மட்டும். காதலி காத்திருக்கிறாள் என்றால் இதை முதலிலேயே அவளிடம் சொல்லிவிடுங்கள்.

பள்ளியிலிருந்து நேராகப் போகிறவர்களும் உண்டு. என் கருத்து, ஒரு வருடமாவது யூனிட்டில் ரேடியோ தூக்கிவிட்டுப் போங்கள். நேராகப் போனால் மூன்று வருடம் கழித்துத் திரும்பும்போது தோளில் சார்ஜண்ட் பட்டை இருக்கலாம், களத்தில் ஒரு ஆன்டெனாகூடக் கட்டியிருக்க மாட்டீர்கள். உங்களுக்குக் கீழே நிற்கிற லான்ஸ் கார்ப்போரல் உங்களைவிட நன்றாக வேலை செய்வான். அது நல்ல நிலைமை இல்லை.

---

குறுக்கலை:

மேலே சொன்னதில் கடைசிப் பத்தியை மட்டும் நான் முழுசாக ஏற்கவில்லை. யூனிட்டுக்குப் போனால் அங்கே ஆள் பற்றாக்குறை என்று விடாமல் பிடித்துவைக்கிற மேலதிகாரிகளும் உண்டு. கையில் வந்த வாய்ப்பைத் தள்ளிப்போடும்போது அதையும் கணக்கில் எடுங்கள்.

எப்படிப் போனாலும் சரி, ரேடியோ பள்ளியில் இரண்டு விஷயத்தை அரைகுறையாக விடாதீர்கள்.

ஒன்று, சின்கார்ஸ் என்ற ராணுவ ரேடியோ வகையின் அலைவரிசைத் தாவல். 30 முதல் 87.975 மெகாஹெர்ட்ஸ் வரை, 25 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் 2320 சேனல்கள். நொடிக்கு நூறு தடவைக்கு மேல் தாவும். இரண்டு ரேடியோ பேச வேண்டுமானால் ஹாப்செட் (தாவ வேண்டிய அலைவரிசைகளின் தொகுப்பு), நெட் ஐடி (எந்த நெட் என்று காட்டும் எண்), குறியாக்கச் சாவி, நேரம் நான்கும் பொருந்த வேண்டும். நேரத்தில் 4 நொடி வரை வித்தியாசம் தாங்கும், அதற்கு மேல் போனால் செட் இரண்டும் பழுதில்லாமலே ஒன்றை ஒன்று கேட்காது. புதியவர்கள் உடனே ஆன்டெனாவைக் கழற்றிப் பார்ப்பார்கள், பேட்டரி மாற்றுவார்கள், கடைசியில் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். முதலில் நேரம், அதோடு தேதி. தேதியை ஜூலியன் நாளின் கடைசி இரண்டு இலக்கமாகப் போடும் இடத்தில் ஒரு நாள் தவறினாலும் அதே கதைதான். ஜிபிஎஸ் பெட்டியிலிருந்து நேரம் ஏற்றினால் இந்தத் தலைவலி பாதி குறையும். ஹாப்செட்டும் நேரமும் சரியாக இருந்து சாவி மட்டும் பழைய வாரத்துடையது என்றால் பேச்சு புரியும்படி வராது. அப்போது சாவியை ஏற்றும் கீ லோடரை எடுங்கள், ஆன்டெனா பக்கம் போகாதீர்கள்.

இரண்டு, எச்எஃப்பில், அதாவது சிற்றலையில், கிட்டத்து தூரம். செங்குத்தாக நிற்கும் விப் ஆன்டெனாவில் தரை அலை சில பத்து கிலோமீட்டரில் செத்துவிடும். வான் அலையோ தலைக்கு மேல் தாண்டி நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இறங்கும். நடுவில் இருக்கிறவனுக்கு ஒன்றும் கேட்காது. மலைக்கு அந்தப்பக்கம் 80 கிலோமீட்டரில் இருக்கிற நிலையத்தைப் பிடிக்க, இரண்டு கைகள் உள்ள கம்பி ஆன்டெனாவான டைபோலைத் தாழ்வாகக் கட்டி அலையை நேர் மேலே அனுப்பித் திருப்பி வாங்க வேண்டும். நீளத்துக்கு 468ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அடி வரும். 5 மெகாஹெர்ட்ஸ் என்றால் 93.6 அடி, ஒரு கைக்கு 46.8 அடி. இன்சுலேட்டரில் மடித்துக் கட்டத் தேவையான கம்பியைத் தனியாகச் சேர்த்து வெட்டுங்கள், இதை மறந்து நீளம் குறைந்துபோகிறவர்கள் அதிகம். பகலில் நன்றாக ஓடிய அலைவரிசை இரவில் விழுந்துவிடும், ஏனென்றால் சூரியன் போனதும், அலையைத் திருப்பி அனுப்பும் வளிமண்டல மேலடுக்கின் தாங்கும் திறன் குறையும். இரவுக்குக் குறைந்த அலைவரிசை ஒன்றும் அதற்கேற்ற நீளக் கம்பியும் வெளிச்சம் இருக்கும்போதே தயாராக இருக்கட்டும்.

மூன்று வருடம் கழித்துத் திரும்பும்போது முதலில் மறந்துபோவது இந்த எச்எஃப்தான். குரல் நடைமுறை மறக்காது, ஏனென்றால் தூதரகத்திலும் அது தினமும் வேண்டும்.

---

போஸ்ட்_ஒன்:

கடைசிக் கேள்விக்கு நான் எழுதுகிறேன்.

தூதரகத்துக்குள் நுழைந்ததும் குண்டு துளைக்காத கண்ணாடிக்குப் பின்னால் ஒரு அறை இருக்கும். அதுதான் போஸ்ட் ஒன். 24 மணி நேரமும் ஒரு மரைன் உள்ளே இருப்பார். கேமராக்கள், அலாரங்கள், கதவுப் பூட்டுகள், தொலைபேசி, அவசர ரேடியோ நெட் எல்லாம் அங்கே வந்து முடியும். ஆபத்து என்றால் ஊழியர்களைக் குனிந்து மறைந்துகொள்ளச் சொல்லும் அலாரத்தை அடிப்பது இவர்தான். ஊழியர்களுக்குக் கொடுத்த கைரேடியோக்களைக் கூப்பிட்டுப் பரிசோதிப்பதும் இங்கிருந்துதான். 0621காரனுக்கு இங்கேதான் லாபம். யார், எங்கே, என்ன என்று மூன்று மூச்சுக்குள் சொல்லி மைக்கை விடத் தெரிந்தவன் பதற்றத்தில் உளற மாட்டான். பேசிக்கொண்டே பதிவேட்டில் நேரம் குறிக்கவும் அவன் கை பழகியிருக்கும்.

ஷிப்டில் பெரும்பகுதி ஒன்றும் நடக்காது. அதுதான் கஷ்டம். இரவுப் பணியில் அலுவலகம் அலுவலகமாகச் சுற்றி, ரகசியக் காகிதம் மேசையில் கிடக்கிறதா, பெட்டகம் பூட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு பெட்டகத்திலும் எஸ்எஃப்-702 என்ற தாள் தொங்கும்: திறந்தவர், மூடியவர், சரிபார்த்தவர், நேரம். கைப்பிடியை இழுத்துப் பார்க்காமல் கையெழுத்து மட்டும் போட்டுப் போகிறவன் ஒரு நாள் மாட்டுவான். திறந்து கிடந்தால் விதிமீறல் சீட்டு எழுத வேண்டும், அது தூதருக்கு அடுத்த நிலை அதிகாரியுடைய மேசையாக இருந்தாலும். இருபது வயதுப் பையனுக்கு அந்தச் சீட்டை எழுதும் துணிச்சல்தான் உண்மையான பரீட்சை.

யாருக்குக் கீழே வேலை என்பதிலும் குழப்பம் வரும். அன்றாடப் பணியில் கட்டளை, வெளியுறவுத் துறையின் பிராந்தியப் பாதுகாப்பு அதிகாரியான ஆர்எஸ்ஓவிடமிருந்து. பதவி உயர்வு, ஒழுங்கு, சம்பளம் இதெல்லாம் மரைன் கோர் வழி. வெளிச்சுவருக்கு அந்தப்பக்கம் காக்கும் கடமை அந்நாட்டு அரசுடையது, 1961 வியன்னா உடன்படிக்கையின் 22ஆவது பிரிவு அதைச் சொல்கிறது. கேட்டில் நிற்பவர்கள் பெரும்பாலும் உள்ளூர்க் காவலர்கள். மரைன்களின் எல்லை உள்ளே. தெருவில் கூட்டம் கூடினால் வெளியே ஓடுவது வேலை இல்லை, கதவுகளைப் பூட்டி, அவசரத்தில் மரைன்கள் கூட வேண்டிய ரியாக்ட் இடத்துக்குப் போவதுதான் வேலை. இந்த ஏற்பாட்டுக்கு அடித்தளம் 1946 வெளிநாட்டுச் சேவைச் சட்டமும் 1948 டிசம்பரில் போட்ட ஒப்பந்தமும்.

குவான்டிகோ பள்ளியைப் பற்றி ஒரு வார்த்தை. கண்ணில் மிளகு ஸ்ப்ரே அடித்துவிட்டு, எரிச்சலோடே தடியடி, தற்காப்பு, விலங்கு மாட்டுதல் என்று நிலையம் நிலையமாக ஓட விடுவார்கள். எல்லோரும் அதை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். ஆனால் அது கொஞ்ச நேர வேதனை. கடன் அட்டை பாக்கி, மறைத்த பழைய தவறு, முடிக்காத பல் வைத்தியம், இதெல்லாம்தான் சத்தமில்லாமல் பெட்டி கட்ட வைக்கும்.

---

நெட்கால்_24:

மிக்க நன்றி. அண்ணா, இன்னொன்று. டாப் சீக்ரெட் அனுமதி வேண்டும் என்கிறார்கள். நான் அமெரிக்கக் குடிமகன், பெற்றோர் இந்தியாவில் பிறந்தவர்கள். தாத்தா பாட்டி அங்கேதான். ஓசிஐ (வெளிநாட்டு இந்தியக் குடிமகன்) அட்டையும் இருக்கிறது. இது தடையா?

---

மணல்மேடு:

சொந்தக்காரர்கள் வெளிநாட்டில் இருப்பது தானாகத் தடை ஆகாது. மறைத்தால் ஆகும். அனுமதிக்காக நிரப்பும் எஸ்எஃப்-86 படிவத்தில் 18ஆவது பகுதி உறவினர்கள், 19 வெளிநாட்டுத் தொடர்புகள், 20 வெளிநாட்டுச் சொத்து, தொழில், பயணம். தொடர்புகளும் பயணமும் 7 வருடத்துக்குக் கேட்பார்கள், முகவரி 10 வருடத்துக்கு. இப்போதே ஒரு நோட்டில் பயணத் தேதிகளை எழுதிவையுங்கள். பாஸ்போர்ட் முத்திரைக்கும் படிவத்துக்கும் மாதம் இடித்தால் விசாரணையாளர் நேர்காணலில் அதையே பிடிப்பார். உங்கள் பெயரில் தாத்தா ஊரில் நிலம் எழுதியிருந்தாலோ வங்கிக் கணக்கு வைத்திருந்தாலோ அதையும் போடுங்கள், தொகை சின்னதாக இருந்தாலும்.

ஓசிஐ என்பது பெயரில்தான் குடியுரிமை. இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை, அதனால் இரட்டைக் குடிமகன் என்று குறிக்காதீர்கள். ஆனால் விளக்கம் எழுதும் இடத்தில் அட்டை இருப்பதையும் அது என்ன என்பதையும் இரண்டு வரியில் சொல்லிவிடுங்கள்.

---

போஸ்ட்_ஒன்:

அனுமதி கிடைத்தபிறகும் அதே பழக்கம் தொடர வேண்டும். வெளிநாட்டில் யாரோடாவது நெருங்கிப் பழகினால் ஆர்எஸ்ஓவிடம் சொல்ல வேண்டும். கிளேட்டன் லோன்ட்ரீ என்ற மாஸ்கோ தூதரகக் காவல் மரைன் 1987இல் உளவுக் குற்றத்தில் தண்டிக்கப்பட்டது இந்த இடத்தில் தொடங்கியதுதான். ஒரு பெண்ணோடு பழக்கம், அதைச் சொல்லவில்லை, பிறகு அந்த வழியாக சோவியத் உளவு அமைப்பான கேஜிபியின் ஆள் வந்து உட்கார்ந்தான். முதல் வாரத்திலேயே சொல்லியிருந்தால் அதிகபட்சம் ஊர் மாற்றியிருப்பார்கள்.

---

குறுக்கலை:

தம்பி, ட்வென்டிநைன் பாம்ஸ் மோஹாவி பாலைவனம். மதியம் லித்தியம் பேட்டரிகளை வண்டி டேஷ்போர்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். 5590 வகை மறுபடி சார்ஜ் ஏறாது, 2590 ஏறும், இரண்டும் ஒரே அளவில் இருக்கும். லேபிளைப் படிக்காமல் சார்ஜரில் மாட்டக் கூடாதது 5590. கைக்குச் சூடாகத் தெரிந்தாலோ மூக்கைக் குத்தும் வாடை வந்தாலோ செட்டை அணைத்துவிட்டு விலகி நில்லுங்கள்.