சொந்த அத்தாரிட்டியில் ட்ரக் ஓட்ட 45,000 டாலர் போதுமா?

தனிவழி:
வணக்கம். அமெரிக்காவில் கம்பெனி டிரைவராக ஓடுகிறேன். கிளாஸ் ஏ சிடிஎல் (கனரக வண்டி லைசென்ஸ்), கேஸ் எதுவும் இல்லை. ஒரு ஸ்லீப்பர் ட்ரக் வாங்கி, சொந்த அத்தாரிட்டி (சொந்தப் பெயரில் சரக்கு ஏற்ற அரசு அனுமதி) எடுத்து, டிரை வேன் (மூடிய பெட்டி ட்ரெய்லர்) லோடு இழுக்கலாம் என்று எண்ணம். கையில் 45,000 டாலர். 60,000 டாலர் பழைய ட்ரக்குக்கு 15,000 முன்பணம் கட்டினால் மீதி 30,000-இல் சமாளிக்க முடியுமா? பலரும் கணக்கில் விட்டுவிடுகிற செலவு எது?

மைல்கல்:
பேப்பர் செலவுக்குப் பயப்பட வேண்டாம். டிஓடி நம்பர் (போக்குவரத்துத் துறைப் பதிவு எண்) இலவசம். அத்தாரிட்டி விண்ணப்பம் 300 டாலர், கிடைக்காவிட்டாலும் திரும்பி வராது. யூசிஆர் என்கிற ஆண்டுப் பதிவு இரண்டு வண்டி வரை 46 டாலர் (2025 கட்டணம்). 80,000 பவுண்டுக்கு ஐஆர்பி பிளேட் (பல மாநிலங்களில் ஓட்டுவதற்கான நம்பர் பிளேட்) மாநிலத்தைப் பொறுத்து சுமார் 1,500 முதல் 2,500. ஃபார்ம் 2290 என்கிற கனரக வண்டி வரி, 75,000 பவுண்டுக்கு மேல் என்றால் ஆண்டுக்கு 550. பிஓசி-3 (வழக்கு நோட்டீஸ் வாங்க ஏஜென்ட் நியமிக்கும் படிவம்), ஐஎஃப்டிஏ ஸ்டிக்கர் (மாநிலங்களுக்கான எரிபொருள் வரி) எல்லாம் சில்லறை. டிஓடி நம்பர் வந்ததுமே "நாங்களே முடித்துத் தருகிறோம்" என்று போன் மேல் போன் வரும். அரசாங்க ஆபீஸ் போலவே பேசுவார்கள். நம்பிக் காசைக் கொட்டாதீர்கள்.

பெரிய அடி இன்சூரன்ஸ்தான். சட்டப்படி 7,50,000 டாலர் லயபிலிட்டி (பிறருக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பீடு) போதும். ஆனால் லோடு பிடித்துத் தரும் புரோக்கர்கள் 10 லட்சமும், அதோடு 1,00,000 கார்கோவும் (சரக்குக் காப்பீடு) கேட்பார்கள். புது அத்தாரிட்டிக்கு ஆண்டு பிரீமியம் 12,000 முதல் 20,000, சில மாநிலங்களில் அதற்கும் மேலே. அதில் 15 முதல் 25 சதவீதம் முதலிலேயே கட்டணும். வண்டிக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் கொட்டேஷன் வாங்குங்கள். அத்தாரிட்டி விண்ணப்பம் அரசுப் பதிவேட்டில் வெளியாகி 20 நாளுக்குள் இன்சூரன்ஸ் கம்பெனி ஃபைலிங் (காப்பீட்டுச் சான்று) போடணும், அதனால் ஏஜென்ட்டை முன்கூட்டியே பிடித்து வையுங்கள்.

இன்னொன்று: ஒரே டிரைவர், அதுவும் நீங்களேதான் என்றாலும் போதை மருந்துச் சோதனை நடத்தும் கன்சார்டியத்தில் (கூட்டமைப்பு) சேர்ந்தே ஆகணும். கட்டணம் பெரிதில்லை. ஆனால் முதல் 12 மாதத்துக்குள் சேஃப்டி ஆடிட் வரும், அந்தப் பேப்பர் இல்லையென்றால் மற்றதெல்லாம் சரியாக இருந்தாலும் ஃபெயில்.

டீசல்கணக்கு:
நீங்கள் கேட்ட 'விட்டுப்போகும் செலவு' முதல் ஆறு வாரத்து ரொக்கம். வாரம் 2,500 மைல், கேலனுக்கு 6.5 மைல் என்றால் 385 கேலன். கேலன் 4 டாலர் என்று வைத்தால் வாரம் 1,540. புரோக்கர் பில்லுக்கு 30 நாள், சில பேர் 45 நாள். முதல் ஆறு வாரத்தில் டீசலுக்கே ஒன்பதாயிரத்துக்கு மேல் போய்விடும். ட்ரக் தவணை, ட்ரெய்லர் வாடகை, இன்சூரன்ஸ் தவணை முதல் செக் வரும் வரை காத்திருக்காது.

ஃபேக்டரிங் (பில்லை ஒரு நிதி கம்பெனிக்கு விற்பது) எடுத்தால் அடுத்த நாளே காசு, கமிஷன் 2 முதல் 5 சதவீதம். கமிஷனை விட ஒப்பந்தத்தைப் பாருங்கள். மாதக் குறைந்தபட்சத் தொகை உண்டா? விலகினால் அபராதமா? "நான்-ரிகோர்ஸ்" என்றால் புரோக்கர் பணம் தராவிட்டால் நட்டமெல்லாம் ஃபேக்டரிங் கம்பெனி தலையில் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் புரோக்கர் திவாலானால் மட்டும்தான். பிஓடியில் (டெலிவரி ரசீது) கையெழுத்து இல்லை, சரக்கு உடைந்தது என்று தகராறு வந்தால் பணம் உங்களிடமிருந்துதான் பிடிப்பார்கள்.

புது அத்தாரிட்டிக்கு லோடு தராத புரோக்கர்கள் ஏராளம். 90 நாள் ஆகணும் என்பார்கள், சிலர் ஆறு மாதம். அந்தக் காலத்தில் மிச்சம் இருக்கிற மலிவு லோடுதான் கிடைக்கும்.

ரெஞ்சு:
60,000 ட்ரக் என்கிறீர்கள், இன்ஜின் பற்றி ஒரு வரி இல்லையே. ஈசிஎம் (இன்ஜின் கம்ப்யூட்டர்) ரிப்போர்ட் எடுங்கள்: மொத்த மணி, ஐடில் மணி (நின்றபடி இன்ஜின் ஓடிய நேரம்), ரீஜென் (ஃபில்டரில் சேர்ந்த கரியை எரிப்பது) வரலாறு. ஐடில் அதிகம் என்றால் டிபிஎஃப் (புகைக் கரி ஃபில்டர்) அடைப்பும் அதிகம். ரீஜென் கரியை எரிக்கும், ஆயில் எரிந்த சாம்பலை எரிக்காது. அதைக் கழற்றித்தான் சுத்தம் பண்ணணும்.

இன்ஜின் சூடாக ஓடும்போது ஆயில் மூடியைத் திருப்பி வாய் மேல் வையுங்கள். துள்ளி விழுந்தால் ரிங் தேய்ந்திருக்க வாய்ப்பு. புகைக்குழாய்க்குள் விரல் விட்டுத் துடைத்துப் பாருங்கள் (இன்ஜினை அணைத்து, குழாய் ஆறிய பிறகு). டிபிஎஃப் உருப்படியாக இருந்தால் விரல் கிட்டத்தட்ட சுத்தமாக வரும். கரி அப்பினால் ஃபில்டர் உள்ளே விரிசல் விட்டிருக்கணும், இல்லை யாரோ குடைந்து எடுத்திருக்கணும். எடுத்த வண்டி சட்டவிரோதம், விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

இன்-ஃபிரேம் ஓவர்ஹால் (இன்ஜினை இறக்காமலே பிரித்துப் புதுப்பிப்பது) 20,000-க்கு மேல். முழு ஆஃப்டர்-ட்ரீட்மென்ட் பாக்ஸ் (புகையைச் சுத்தம் பண்ணும் அமைப்பு) மாற்றினால் ஐந்து இலக்கம். அதனால் முன்பணத்தைக் குறைத்தாவது 15,000 ரிப்பேருக்கென்று தனியாக வையுங்கள். வட்டி கூடினாலும் பரவாயில்லை, ரோட்டில் நிற்கிற வண்டிக்கு எந்த பேங்கும் கடன் தராது.

தனிவழி:
நன்றி அண்ணா. அப்போ முதலில் வேறொரு கேரியரிடம் லீஸ்-ஆன் (என் ட்ரக்கை அவர்கள் அத்தாரிட்டியில் ஓட்டுவது) போவது நல்லதா?

மைல்கல்:
உங்கள் தொகைக்கு அதுதான் சரி. லயபிலிட்டியும் கார்கோவும் அவர்களுடையது. உங்களுக்கு நான்-ட்ரக்கிங் லயபிலிட்டி (வேலை இல்லாதபோது ஓட்டுவதற்கு), ஃபிசிக்கல் டேமேஜ் (உங்கள் வண்டிச் சேதத்துக்கு), விபத்துக் காப்பீடு இருந்தால் போதும். வரவில் நாலில் ஒரு பங்கு அளவு அவர்கள் எடுப்பார்கள்.

கையெழுத்து போடும் முன் எஸ்க்ரோ (கேரியர் பிடித்து வைக்கும் முன்வைப்புப் பணம்) பகுதியைப் படியுங்கள். பிடித்தம் போக மீதியை ஒப்பந்தம் முடிந்து 45 நாளுக்குள் தரணும், லோடு பேப்பர் கொடுத்த 15 நாளுக்குள் செட்டில்மென்ட் (ஓட்டியதற்கான பணம்) தரணும். இரண்டும் ஃபெடரல் லீசிங் விதி. அவர்கள் ட்ரக்கையே தவணையில் தருகிற லீஸ்-பர்ச்சேஸ் பக்கம் மட்டும் போகாதீர்கள். வேலையும் வண்டியும் ஒரே கையில் இருக்கும், லோடு குறைத்தால் தவணை நிற்கும், வண்டியும் போகும்.

டீசல்கணக்கு:
லீஸ்-ஆன் போனாலும் 1099 வருமானம்தான் (சம்பளம் இல்லை, வரி பிடிக்காத ஒப்பந்த வருமானம்). செல்ஃப்-எம்ப்ளாய்மென்ட் (சுயதொழில்) வரி 15.3 சதவீதம், வருமான வரி தனி. ஒவ்வொரு செட்டில்மென்டிலும் லாபத்தில் கால் பங்கை வேறு கணக்குக்கு மாற்றி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டிவிடுங்கள்.