ஆசிரியர் வேலைக்கு நாடு மாறுகிறேன்: இரண்டு பிள்ளைகள், இரண்டு குதிரைகள், எங்கே தொடங்குவது?

கணக்கு டீச்சர் (கேள்வி)

வணக்கம். உயர்வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். இப்போது குடும்பத்தோடு ஜெர்மனியில் இருக்கிறேன். அடுத்த கல்வியாண்டுக்கு இரண்டு இடத்தில் வேலை கிடைத்திருக்கிறது. ஒன்று அமெரிக்காவில் ஓர் அரசுப் பள்ளி, ஜே-1 ஆசிரியர் விசா. இன்னொன்று அயர்லாந்தில் ஓர் உயர்நிலைப் பள்ளி. அமெரிக்கப் பள்ளி மாத முடிவுக்குள் ஒப்பந்தத்தில் கையெழுத்து கேட்கிறது. எனக்கும் மனம் அந்தப் பக்கம்தான் சாய்கிறது.

மகளுக்கு 14 வயது, மகனுக்கு 8. கணவர் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர், எங்கிருந்தும் செய்யலாம் என்கிறார்.

குதிரைகள் இரண்டு. பெட்டைக்குப் பத்து வயது. ஸ்பெயினில் பிறந்து ஆறு வயதுவரை அங்கேயே வளர்ந்தது. மகள்தான் ஓட்டுகிறாள், அது இல்லாமல் எங்கும் வரமாட்டேன் என்கிறாள். மற்றது காயடித்த ஆண்குதிரை, 23 வயது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்து என்னிடம் இருக்கிறது. அதற்குக் குஷிங்ஸ் என்ற ஹார்மோன் கோளாறு, தினமும் ஒரு மாத்திரை கொடுக்கிறோம்.

விசா, பள்ளி, வீடு, விமானம், லாயம் என்று எல்லாம் ஒரே நேரத்தில் தலைக்குள் ஓடுகிறது. பிள்ளைகளோடும் குதிரைகளோடும் நாடு மாறிய ஆசிரியர்கள் யாராவது இருந்தால், எதை முதலில் செய்தீர்கள் என்று சொல்லுங்கள்.

---

உயிரியல் மிஸ்

டீச்சர், நான் நெதர்லாந்திலிருந்து அமெரிக்கப் பள்ளிக்கு இதே ஜே-1 விசாவில் போனவள். எங்களிடமும் ஒரு பெட்டை, ஒரு காயடித்த குதிரை, கூடவே மூன்று பிள்ளைகள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நீங்கள் எழுதியதில் என்னை நிறுத்தியது "ஸ்பெயினில் பிறந்து வளர்ந்தது" என்ற இடம். உண்ணி கடித்துப் பரவும் பைரோபிளாஸ்மோசிஸ் என்ற ரத்த நோய் தெற்கு ஐரோப்பாவில் நிறைய உண்டு. ஒரு தடவை தொற்றினால் குதிரை பளபளவென்று, நன்றாகத் தின்றுகொண்டு, தாண்டிக் குதித்துக்கொண்டு இருக்கும், ஆனால் கிருமி ரத்தத்தில் வருடக்கணக்கில் தங்கியிருக்கும். அமெரிக்காவில் இறங்கியதும் நான்கு நோய்களுக்கு ரத்தம் எடுப்பார்கள்: குதிரைத் தொற்று ரத்தசோகை, டூரின், கிளாண்டர்ஸ், இந்தப் பைரோபிளாஸ்மோசிஸ். ஒன்றில் பாசிட்டிவ் வந்தாலும் உள்ளே விடமாட்டார்கள், உங்கள் செலவில் திருப்பி அனுப்ப வேண்டும். அந்த நேரத்தில் நீங்கள் அங்கே வேலையில் சேர்ந்திருப்பீர்கள், மகள் புதுப் பள்ளியில் இருப்பாள். நினைக்கவே எனக்குப் பதறுகிறது.

ஆகவே கையெழுத்துக்கு முன்னால் பெட்டையின் ரத்தத்தைப் பரிசோதியுங்கள். சி-எலைசா என்ற ரத்தப் பரிசோதனை முறையில் பார்க்கச் சொல்லுங்கள். சி.எஃப்.டி. என்ற பழைய பரிசோதனை முறையில் மட்டும் பார்த்தால் நாள்பட்ட தொற்று பிடிபடாமல் நெகட்டிவ் என்று வந்துவிடலாம். அமெரிக்காவில் சி-எலைசாவும் பார்ப்பார்கள். அயோவா மாநிலம் ஏம்ஸில் இருக்கும் அவர்களுடைய வேளாண்துறை ஆய்வகத்துக்கே மாதிரியை முன்கூட்டி அனுப்பிப் பார்க்கலாம். நாங்கள் அப்படித்தான் செய்தோம். மற்ற எல்லாவற்றையும் அந்தத் தாள் கைக்கு வந்த பிறகு யோசியுங்கள். பள்ளியிடம் இரண்டு வாரம் அவகாசம் கேளுங்கள். குடும்பத்தோடு வரும் ஆசிரியர் கேட்கிற நியாயமான அவகாசம்தான், தயங்க வேண்டாம்.

ரத்தம் சுத்தமாக இருந்தாலும் பெட்டைக்கும் ஆண்குதிரைக்கும் வழி வேறு. ஜெர்மனியிலிருந்து போனால் முதல் குவாரண்டைன் இரண்டுக்கும் குறைந்தது மூன்று நாள். அதன்பின் காயடித்த குதிரை நேரே லாயத்துக்கு வந்துவிடும். இரண்டு வயது தாண்டிய பெட்டையோ, சி.ஈ.எம். என்ற இனப்பெருக்கத் தொற்றுக்காக அங்கீகாரம் பெற்ற வேறொரு நிலையத்தில் இன்னும் இரண்டு வாரம்போல இருந்தாக வேண்டும். குட்டி ஈனாத பெட்டை, ஆண்குதிரை பக்கமே போனதில்லை என்றெல்லாம் சொல்லிப் பயனில்லை. முதல் குவாரண்டைனில் போய்ப் பார்க்கவும் விடமாட்டார்கள். மகளிடம் இதை இப்போதே சொல்லி வையுங்கள். என் மூத்தவன் தினமும் காலையில் "இன்றைக்காவது பார்க்கலாமா?" என்று கேட்பான்.

பயணத்தைப் பற்றி ரொம்பப் பயப்பட வேண்டாம். பிராங்க்பர்ட்டிலிருந்தே குதிரைகள் வழக்கமாகப் பறக்கின்றன. சரக்கு விமானத்தில் ஒரு பெட்டியில் மூன்று குதிரைவரை நிற்கும், இடையில் தடுப்பு, முன்னால் புல்வலை, கூடவே குதிரை பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஆள். எங்கள் பெட்டைக்கு வேற்றுத் தண்ணீர் பிடிக்காது. வாளியில் மூக்கை வைத்து உதட்டைச் சுழித்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். அதனால் புறப்படுவதற்கு முன்பே தண்ணீரில் கொஞ்சம் ஆப்பிள் சாறு கலந்து கொடுத்துப் பழக்கினோம். அந்த வாசனை இருந்ததால் வழியிலும் குடித்தது.

இன்னொன்று. குதிரைகளை உங்களோடு சேர்த்து அனுப்பாதீர்கள். புதுப் பள்ளியில் முதல் பருவம் ஆசிரியரை முழுசாகத் தின்றுவிடும். வீடு பார்த்து, லாயத்தை நேரில் போய்ப் பார்த்து, வேலி, புல், மருத்துவர் எல்லாம் விசாரித்த பிறகு வரவழைத்தோம். அதுவரை பழைய லாயத்திலேயே முழுப் பராமரிப்பில் விட்டிருந்தோம்.

உங்கள் கணவருக்கு ஒரு வார்த்தை: ஜே-1 ஆசிரியரின் துணைவருக்குத் தரும் ஜே-2 விசாவில் வருபவர் தனியாக வேலை அனுமதி வாங்கிய பிறகுதான் வேலை செய்யலாம். வீட்டிலிருந்து செய்கிற வேலைதானே என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

---

லாய வைத்தியர்

கால்நடை மருத்துவன், அதிகமும் குதிரைகள்தான் பார்க்கிறேன். உயிரியல் மிஸ் சொன்ன பரிசோதனைதான் முதல் வேலை. நான் இரண்டு சேர்க்கிறேன்.

நீண்ட பயணத்தில் குதிரைக்குப் பெரிய ஆபத்து நுரையீரல். தலையைத் தாழ்த்தித்தான் அது மூச்சுக்குழாயில் சேரும் சளியை வெளியேற்றும். தலையை உயரக் கட்டிவைத்து மணிக்கணக்கில் நிறுத்தினால் தூசியும் கிருமியும் உள்ளேயே இறங்கிவிடும், நிமோனியாவில் கொண்டுபோய் விடும். அதனால் புல்லை நனைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். சாலைப் பயணத்தில் வண்டி நிற்கிற இடத்தில் கயிற்றைத் தளர்த்தி, தலை கீழே போக விடச் சொல்லுங்கள். இறங்கிய பிறகு ஒரு வாரமாவது காலையும் மாலையும் வெப்பம் பாருங்கள். 38.5 டிகிரி செல்சியஸைத் தாண்டினால், "களைப்பாக இருக்கும்" என்று காத்திருக்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள். இருமல் வருவதற்கு முன்பே காய்ச்சல் வரும்.

பெரியவரைப் பற்றி. 23 வயது என்பதற்காக மட்டும் நான் தடுக்கமாட்டேன், அந்த வயதில் திடமான குதிரைகளைப் பார்த்திருக்கிறேன். ஆனால் குஷிங்ஸ் இருக்கும் குதிரைக்கு எதிர்ப்புச் சக்தி குறைவு, குளம்புக்குள் அழற்சி வரும் வாய்ப்பும் கூடுதல். நீண்ட பயணம், புது மேய்ச்சல், புதுக் கூட்டம் எல்லாம் சேர்ந்தால் அது தாங்குமா என்பதை உங்கள் மருத்துவர் குளம்பைப் படம் எடுத்து, ரத்தத்தில் ஹார்மோன் அளவு பார்த்துத்தான் சொல்ல முடியும். என் சொந்தக் கருத்து: மூன்று வருட விசாவுக்காக அதைக் கடல் தாண்டிக் கொண்டுபோகக் கூடாது.

---

இரு நாட்டு அப்பா

குதிரை பற்றிப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் பள்ளி ஆசிரியன், பெண் பிள்ளைகளின் அப்பா, அதனால் மகளின் பக்கம் பேசுகிறேன்.

அமெரிக்காவில் ஒன்பதாம் வகுப்பிலிருந்துதான் பள்ளி இறுதிப் பட்டயத்துக்கான மதிப்பலகுகள் சேரத் தொடங்கும். 14 வயதில் ஒன்பதில் சேர்ந்தால் எல்லோரோடும் சேர்ந்து தொடங்குகிறாள், அதுவரை நல்லது. ஆனால் ஜே-1 ஆசிரியர் விசா மூன்று வருடம். கணக்குப் போட்டுப் பாருங்கள், பதினொன்று முடிகிறபோது விசாவும் முடிகிறது. கடைசி வருடத்தை எங்கே படிப்பாள்? நீட்டிப்பு ஓரிரு வருடம் கிடைக்கக்கூடும், ஆனால் கைக்கு வராத நீட்டிப்பை நம்பி ஒரு பிள்ளையின் இறுதி ஆண்டை வைக்காதீர்கள். பள்ளி நீட்டிப்புக்கு ஆதரவு தருமா என்று கையெழுத்துக்கு முன்பே எழுத்தில் கேளுங்கள்.

அயர்லாந்தில் ஜூனியர் சைக்கிள் என்ற உயர்நிலைப் பள்ளியின் முதல் கட்டம் மூன்று வருடம். அதன்பின் டிரான்சிஷன் இயர் என்று தேர்வு நெருக்கடி இல்லாத ஒரு வருடம் பல பள்ளிகளில் உண்டு. நடுவில் வந்து சேரும் பிள்ளைக்கு அந்த வருடம் பெரிய கொடை. உங்களுக்கு டீச்சிங் கவுன்சில் என்ற அங்குள்ள ஆசிரியர் மன்றத்தில் பதிவு வேண்டும். பட்டத்தில் கணக்குப் பாடங்களின் அலகுகளைத் தனித்தனியாகப் பார்ப்பார்கள், எனவே மதிப்பெண் பட்டியலின் மொழிபெயர்ப்பை இப்போதே ஏற்பாடு செய்யுங்கள். தொடக்கப்பள்ளி ஆசிரியருக்கு இருக்கும் ஐரிஷ் மொழி நிபந்தனை உங்களைத் தொடாது.

குதிரைக்கும் அந்தப் பக்கம் வழி எளிது. ஜெர்மனி, அயர்லாந்து இரண்டும் ஐரோப்பிய ஒன்றியம் என்பதால் குதிரைப் பாஸ்போர்ட், மைக்ரோசிப், புறப்படும் முன் அரசு மருத்துவரின் உடல்நலச் சான்றிதழ், பிறகு வண்டியிலேயே பிரான்ஸ் வரை போய் ஷெர்பூரிலிருந்து கப்பல். எங்கள் குதிரை அப்படித்தான் அயர்லாந்தின் ராஸ்லேர் துறைமுகத்தில் இறங்கியது. குதிரை நிற்கப்போகும் இடம் அயர்லாந்து வேளாண்துறையில் பதிவானதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

---

கணக்கு டீச்சர்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ரத்தம் எடுக்க நாளைக்கே மருத்துவர் வருகிறார். பள்ளிக்கும் எழுதிவிட்டேன், முடிவு வரும்வரை பொறுப்பதாகப் பதில் வந்தது. பதினொன்றாம் வகுப்புக் கணக்கு எனக்குத் தோன்றவே இல்லை ஐயா. மகளோடு உட்கார்ந்து பேசினோம், அவளுக்கும் அது புரிகிறது.

பெரியவரை இங்கேயே விடுவது என்று முடிவானால், லாயத்தில் ஒரு தோழி ஏற்றுக்கொள்வாள். நட்பு என்பதற்காக வாய்ப்பேச்சோடு விடலாமா, எழுத வேண்டுமா?

---

லாய வைத்தியர்

எழுதுங்கள் அம்மா. நட்பு இருப்பதால்தான் எழுத வேண்டும். உரிமை உங்களுடையது, பராமரிப்பு அவருடையது என்பதைத் தெளிவாகப் போடுங்கள். மாத்திரை, லாடக்காரர், பல் ராவுவது, காப்பீடு என ஒவ்வொன்றுக்கும் யார் பணம் தருவது என்று எழுதுங்கள். விற்கவோ வேறொருவரிடம் கைமாற்றவோ கூடாது, இடம் மாற்றினால் உங்களுக்குத் தெரிய வேண்டும்.

கடினமான வரி ஒன்று இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள். நள்ளிரவில் வயிற்றுச் சூலை வந்து, உங்களைத் தொலைபேசியில் பிடிக்க முடியாமல் போனால், அறுவைச் சிகிச்சைக்கு அனுப்பலாமா கூடாதா, வலியை முடித்துவைக்கும் முடிவை மருத்துவரும் தோழியும் சேர்ந்து எடுக்கலாமா என்பதை உங்கள் கையெழுத்தில் எழுதி, ஒரு பிரதியை அந்த ஊர் மருத்துவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். அது இல்லாமல் இரவில் லாயத்தில் நின்று ஒவ்வோர் எண்ணாக அழைத்துக்கொண்டிருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த நேரம் முழுக்க வலியில் துடிப்பது குதிரைதான்.

பெட்டையின் முடிவு வந்ததும் இங்கே எழுதுங்கள். பாசிட்டிவ் வந்தால் எந்த வகைக் கிருமி என்று ஆய்வகத்திடம் கேட்டு வாங்குங்கள், பபேசியாவா தெய்லேரியாவா என்பதைப் பொறுத்து அடுத்து என்ன செய்வது என்று பேசலாம்.