கொட்டியாரக் குடாவின் கடற்பாசி: கண்டவர்கள் எழுதுங்கள்

மூதூர் மகள்:

நோன்புக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே என் உம்மம்மா திருகோணமலையின் கொட்டியாரக் குடாவுக்குப் பாசி எடுக்கப் புறப்பட்டுவிடுவார். இடுப்பளவு தண்ணீரில் நின்று, கால்விரலால் தடவியே இடம் கண்டுபிடிப்பார். சிப்பியிலும் கல்லிலும் ஒட்டி வளரும், கிராசிலேரியா எனப்படும் கடற்பாசி வகை அது. பழைய ஆங்கில மருந்து நூல்களில் ‘சிலோன் மொஸ்’ என்று எழுதப்பட்டிருப்பதும் இதே இனத்துப் பாசிதான். நன்னீரில் அலசி, வெயிலிலும் பனியிலும் மாறி மாறிக் காயவைத்தால் நிறம் வெளுத்து வெள்ளை நூல் போல் ஆகிவிடும். காய்ச்சித் துணியில் வடித்து, பாலும் சீனியும் சேர்த்து ஆறவைப்பார். அந்த மணம் கடையில் வாங்கும் பாசிப் பாக்கெட்டில் இல்லை.

சிப்பியோடு பிடுங்கினால் அவருக்குக் கோபம் வரும். “அடியை விட்டுவிடு, நுனியை மட்டும் கிள்ளு” என்பார். பின்னாளில் விலைக்கு வாங்க ஆட்கள் வந்தபோது, எங்கள் ஊரவர்களே வாரியால் அடியோடு இழுத்ததை நான் கண்டிருக்கிறேன். நானும் அன்று ஒரு கூடை சுமந்தேன். அது இன்றும் என் மனதை உறுத்துகிறது.

போன மாசி மாதம் மகளை அதே இடத்துக்கு அழைத்துப் போனேன். காலுக்குக் கீழே மாவு போன்ற சேறு. அகப்பட்ட சிப்பிகளில் வழுவழுப்பான பச்சை இழைகள் மட்டுமே இருந்தன. மாரி வெள்ளத்தில் மகாவலி சேறு கொண்டுவருவது புதிதல்ல. ஆனால் வயல் உரமும் வடிகால் அழுக்கும் அதோடு சேர்ந்து வரும்போது, வேகமாக வளரும் பச்சை இழை முந்திக்கொள்கிறது. பாசி ஒளியின்றி மூச்சடைத்துப் போகிறது.

நிலாவெளியான்:

சகோதரி, என் அனுபவம் வேறு மாதிரி. நான் நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாமலைத் தீவுக்குப் படகு ஓட்டுகிறேன். 2003இல் அது தேசியப் பூங்கா ஆயிற்று. கடல் சூடாகும் ஆண்டுகளில் பவளம் வெளுப்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். செத்த பவளத்தின் மேல் சில வாரங்களிலேயே பாசி படர்ந்துவிடும். அதை மேய்கிற கிளி மீன்களையும் பிடித்துவிட்டால் பவளக் குஞ்சு ஒட்டுவதற்கு இடமே இருக்காது. ஆகவே எங்கே, எந்தப் பாசி என்று பார்த்துத்தான் மகிழ வேண்டும். டைனமைட் வெடித்த இடத்திலோ பவளம், பாசி இரண்டுமே இல்லை, வெறும் கற்குவியல்தான்.

கயிற்றில் வெளிநாட்டுப் பாசி வளர்க்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். குடாவுக்குள் அது வேண்டாம் என்பேன். மன்னார் வளைகுடாவின் இந்தியப் பக்கத்தில் உள்ள குருசடைத் தீவில் கப்பாஃபைகஸ் என்னும் அப்படியான வெளிநாட்டுப் பாசி பவளத்தின் மேல் படர்ந்தது 2008இலேயே தெரியவந்த விடயம்.

சிட்னியிலிருந்து ஒரு திருமலையான்:

அக்கா, உங்கள் பதிவைப் படித்ததும் எழுதத் தோன்றியது. இங்கே சிட்னிக் கரையில் கிரேவீட் என்னும் பெரும்பாசி 1980களில் ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தூரத்துக்கு இல்லாமல் போனது. நகரக் கழிவுநீரே காரணம் என்று கருதுகிறார்கள். 1990களின் தொடக்கத்தில் கழிவை ஆழ்கடலுக்குக் கொண்டுபோகும் குழாய்கள் வந்து கரைத் தண்ணீர் தெளிந்தது. ஆனாலும் பாசி தானாகத் திரும்பவில்லை. விதை தரக்கூடிய செடிகள் அருகில் இல்லாததே காரணம் என்கிறார்கள். பிறகு ஆய்வாளர்கள் நல்ல இடங்களிலிருந்து முதிர்ந்த செடிகளைக் கொண்டுவந்து, பாறையில் வலை பொருத்தி அதில் கட்டினார்கள். அந்தப் பாசியில் ஆண் செடியும் பெண் செடியும் தனித்தனி என்பதால் இரண்டையும் சேர்த்தே நட வேண்டியிருந்தது. குட்டிச் செடிகள் பக்கத்துப் பாறைகளில் முளைத்ததைக் கடலில் முக்குளித்து நானே பார்த்தேன். எனக்கு உடனே நம் குடாதான் ஞாபகத்துக்கு வந்தது.

மூதூர் மகள்:

தம்பி, தண்ணீர் தெளிந்த பிறகும் தாய்ச்செடி வேண்டும் என்பதை நான் யோசித்ததே இல்லை. அப்படியானால் மிஞ்சியிருப்பதைத்தான் முதலில் காக்க வேண்டும். இந்த மாரி முடிந்ததும் உம்மம்மாவின் இடத்தில் கம்பு நட்டு, சேறு எவ்வளவு நாள் தங்குகிறது என்று மகளோடு குறித்துவைக்கப் போகிறேன். கிண்ணியா உப்பாற்றிலோ தம்பலகாமக் குடாவிலோ பாசி ஒட்டிய சிப்பியை அண்மையில் கண்டவர்கள் இருந்தால், எந்த மாதம், எவ்வளவு ஆழம் என்று இங்கே எழுதுங்கள். தயவுசெய்து பிடுங்கிப் பார்க்காதீர்கள்.