மறு: ‘சாளரக் காலம்’ சரியான சொல்லா?

> ‘சாளரக் காலம்’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. ஏன் மாற்ற வேண்டும்?

வணக்கம்.

‘window period’ என்பதற்குச் ‘சாளரக் காலம்’ புழக்கத்தில் இருப்பது உண்மைதான். ஆனால் சாளரம் என்றால் பார்க்க வழி திறந்திருக்கிறது என்றல்லவா தோன்றும்? எச்.ஐ.வி. சோதனையில் இந்தச் சொல் குறிப்பது நேர் எதிரான நிலை. கிருமி உடலுக்குள் வந்துவிட்டது, சோதனையில் இன்னும் தெரியவில்லை. புதிதாகப் படிப்பவர் இதைச் ‘சோதனைக்கு ஏற்ற காலம்’ என்று எடுத்துக்கொண்டு அந்த நாட்களிலேயே போய்ப் பார்த்துவிட்டு, ‘நெகட்டிவ்’ என்று வந்ததும் நிம்மதியாகிவிடுவார். நாம் வைத்த சொல்லால் அப்படி ஒருவர் ஏமாறக் கூடாது.

> ‘மறைகாலம்’ சுருக்கமாக இருக்கிறதே?

சுருக்கம் எனக்கும் பிடிக்கிறது. ஆனாலும் எச்.ஐ.வி. பல ஆண்டுகள் அறிகுறி காட்டாமல் இருக்கும் கட்டத்தோடு இது குழம்பும். அதைவிடப் பெரிய சிக்கல், கிருமி எங்கோ பதுங்கிக் கிடக்கிறது என்ற எண்ணத்தைத் தந்துவிடும். தொற்றிய முதல் சில வாரங்களில்தான் இரத்தத்தில் கிருமி மிக அதிகமாகப் பெருகுகிறது. பிறருக்குப் பரவும் வாய்ப்பும் அப்போது மிகுதி.

என் பரிந்துரை ‘புலப்படாக் காலம்’. இதைக் கேட்டவுடன் ‘எந்தச் சோதனைக்கு?’ என்ற கேள்வி எழும். எழத்தான் வேண்டும், ஏனென்றால் இந்த அளவு சோதனைக்குச் சோதனை மாறுகிறது. கிருமியின் மரபுப்பொருளைத் தேடும் நியூக்ளிக் அமிலச் சோதனைக்கு 10 முதல் 33 நாள். சிரை இரத்தத்தில் பி24 ஆன்டிஜெனையும் (கிருமியின் ஒரு புரதம்) எதிர்ப்பொருளையும் (கிருமிக்கு எதிராக உடல் உருவாக்குவது, antibody) சேர்த்துப் பார்க்கும் ஆய்வகச் சோதனைக்கு 18 முதல் 45 நாள். எதிர்ப்பொருளை மட்டும் பார்ப்பவற்றுக்கு 23 முதல் 90 நாள். விரைவுச் சோதனைகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். தொற்றைத் தடுக்க முன்கூட்டியே மருந்து சாப்பிடுபவருக்கு எதிர்ப்பொருள் உருவாவது தாமதமாகி இது இன்னும் நீளக்கூடும். ‘இந்தச் சோதனைக்குப் புலப்படாக் காலம் 45 நாள் வரை’ என்று எழுதிப் பாருங்கள், வாக்கியம் இயல்பாக நிற்கிறது.

> 18 மாதம் ஆகாத குழந்தைக்கும் எதிர்ப்பொருள் சோதனை சரிவராதாம். அதற்கும் இதே சொல்லா?

வேண்டாம். அங்கே நடப்பது தலைகீழ். எச்.ஐ.வி. உள்ள தாயின் எதிர்ப்பொருள் கருவிலேயே குழந்தைக்கு வந்துவிடுகிறது. தொற்று இல்லாத குழந்தைக்கும் ‘பாசிட்டிவ்’ என்று காட்டும். அதனால்தான் கிருமியையே நேராகத் தேடும் சோதனை செய்கிறார்கள். இதைப் ‘பொய் நேர்மறை’ என்பது எனக்கு உறுத்துகிறது, எதிர்ப்பொருள் உண்மையிலேயே இருக்கிறதே! ‘தாய்வழி நேர்மறை’ பொருந்துமா? குழந்தை மருத்துவம் அறிந்தவர்கள் சொல்லுங்கள். தனி இழையாகவே தொடங்கலாம்.